நர்சம்மா இரண்டு முறை மலையிறங்கிய நாள்

தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டியபடி எங்கள் ஊர் சுகாதார நர்சம்மா என் முகத்தை உற்றுப் பார்த்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. மலைமேல் அரியூர் நாடு என்ற பகுதியில், பள்ளி ஒன்றில் அப்போது ஆசிரியராக இருந்தேன். முழங்கால் வலிக்கு, அடிவாரத்துக் கடையில் பொட்டலமாகக் கொடுத்த பெயரில்லாத மாத்திரையை ஏழெட்டு மாதமாக விழுங்கிக்கொண்டிருந்தேன். வலி பறந்துவிட்டது, முகம் உப்பி வட்டமாகிவிட்டது. சார் நன்றாகத் தேறிவிட்டார் என்றுதான் ஊரே சொன்னது.

அவர் மட்டும், "ஏனுங்க சார், ஏதாச்சும் மாத்திரை சாப்புடறீங்களா?" என்றார். லேசாக இடித்ததற்கே கன்றிப்போயிருந்த என் கையைப் பார்த்தார். தாகமும் பசியும் அதிகமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"ஸ்டீராய்டா இருக்குமோன்னு சந்தேகமா இருக்குதுங்க. நாளைக்கே டாக்டரைப் பாருங்க. ஆனா நீங்களா நிறுத்திப்புடாதீங்க, உசுருக்கே ஆபத்து. கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கோணும்."

பயத்தில் முதல் பாதிதான் காதில் ஏறியது. அன்றே நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் போக வெட்கம். நான்காம் நாள் காலை கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. வாந்தி, கண் இருட்டல். டாக்டரைப் பார்த்தேனா என்று விசாரிக்க வந்த நர்சம்மா, என் கோலத்தைக் கண்டதும் ஆம்புலன்ஸை வரவழைத்தார். மலையின் அத்தனை வளைவுகளிலும் என் மணிக்கட்டை விடவில்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே, "ஸ்டீராய்டைத் திடீர்னு நிறுத்திட்டாருங்க!" என்று குரல் கொடுத்தார். என்னைக் கெடுத்த அதே மருந்தை டாக்டர் ஊசியில் ஏற்ற, மதியத்துக்குள் எழுந்து உட்கார்ந்தேன். பிரமிப்பாக இருந்தது.

நர்சம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. "நாஞ் சொன்னதுலதான் பயந்துட்டீங்களோ?" என்றார். உடனே, "அந்த மாத்திரைய வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா?" என்றார்.

கொடுத்திருந்தேன். இடுப்பு வலி என்று சொன்ன பள்ளிச் சத்துணவு அக்காவுக்கு, மாதக்கணக்கில். நான் நிறுத்திய அன்றே அவரையும் நிறுத்தச் சொல்லிவிட்டதையும் சொன்னேன்.

"மேல போற பஸ் நிக்குதுங்க, வாரேன்." அவ்வளவுதான். காலையிலிருந்து ஒரு வாய் டீகூடக் குடிக்காதவர் ஓடினார்.

பொழுது சாய்வதற்குள் அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்துவிட்டார். சோர்ந்திருந்தாலும் அக்கா நடந்தே வந்தார்.

எங்கள் இருவருக்கும் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து முடிக்கப் பல மாதங்கள் ஆயின. இன்று எனக்கு முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது, மெல்ல நடந்துகொள்கிறேன். ஆனால் ஒரே நாளில், இரண்டு உயிர்களுக்காக, அந்த மலையை இரண்டு முறை இறங்கியவரை நினைத்தால் இதை ஒரு வலி என்று சொல்லத் தோன்றுவதில்லை.