மூக்கு பாய்

ஜெயினுலாபுதீன் என்று கேட்டால் அந்தத் தீயணைப்பு நிலையத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள். மூக்கு பாய் என்று கேட்க வேண்டும். செங்கல்பட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற நிலையம் அது. கேஸ் கசிகிறது என்று போன் வந்தால் முதலில் உள்ளே நுழைகிறவர் அவர்தான். குத்துக்காலிட்டு உட்காருவார், தரையோரம் மூக்கை நீட்டுவார். "கீது" என்பார், இல்லையென்றால் "சுத்தம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. கேஸைக் கண்டுபிடிக்கிற மெஷின் ஒன்று நிலையத்தில் உண்டு. அது கெட்டுப்போய் அலமாரி மேல் ஏறி ரொம்ப நாளாகிறது. பாய் இருக்கும்போது மெஷின் எதற்கு என்று யாரும் அதை இறக்கவில்லை.

அந்த மூக்குதான் போய்விட்டது.

மறைமலைநகர் பக்கம் ஒரு மெத்தை குடோன் எரிந்தது. ஸ்பாஞ்சு புகை. கறுப்பாக, எண்ணெய் மாதிரி ஒட்டும். முகமூடியில் காற்று தீர்ந்த பிறகும் பாய் உள்ளே நின்றார். அப்புறம் ரெண்டு மூணு நாள் கறுப்புச் சளியாகத் துப்பினார். சளி நின்றது. வாசனை மட்டும் திரும்பவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வந்தா வரும் பாய்" என்றார். அதைச் சொல்ல டாக்டர் எதுக்கு.

வீட்டில் சொல்லலாம் என்றால் ஆள் இல்லை. மனைவி சைதூன் மவுத்தாகிச் சில வருஷம் ஆகிறது. மகள் ஃபைஸா கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். குவார்ட்டர்ஸில் அவரும் ஒரு மின்விசிறியும்தான். சைதூனுக்கு எப்போதும் தலைவலி, எப்போதும் கோடாலித் தைலம். அவளுடைய துப்பட்டியை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். வேலை முடிந்து வந்து பெட்டியைத் திறந்தால் அவள் உள்ளறையில் படுத்திருக்கிற மாதிரியே இருக்கும். குடோனுக்குப் பிறகு திறந்தார். வெறும் துணி. கடைக்கு ஓடிப் புதுத் தைலம் வாங்கி மூக்கடியில் தேய்த்தார். கண் எரிந்தது, மூக்கு ஜில்லென்றது. வாசனை இல்லை. அதற்கப்புறம் பெட்டியைத் திறப்பதை விட்டுவிட்டார்.

ஒருநாள் முந்தின நாள் பருப்பைக் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டு ஞானம்பாளிடம் நீட்டினார். "இன்னா பாய், இதப் போயி மோந்து பாக்கச் சொல்ற? நாயி கூட கிட்ட வராது" என்று சிரித்தாள் அவள். அன்றிலிருந்து மிச்சம் எதுவானாலும் குப்பையில் கொட்டிவிடுவார்.

நிலையத்தில் சொல்லவில்லை. சொன்னால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். அந்த வண்டியில் இடது ஜன்னலோரம் அவர் இடம். நாலு பேர் முட்டி இடிக்க உட்கார்ந்து, ஒருத்தனை ஒருத்தன் கலாய்த்துக்கொண்டு போகிற அந்த நேரம்தான் அவருக்கு வீடு என்று மிச்சமிருந்தது. அதனால் ஒரு தந்திரம் செய்தார். மோப்பம் பிடிக்கிற மாதிரி குனிவார். கண் மட்டும் அடுத்தவன் முகத்தில் இருக்கும். அவன் மூக்கு சுருங்கினால் "கீது". சுருங்காவிட்டால் "சுத்தம்". கொஞ்ச காலம் ஓடியது.

மாமல்லபுரத்தில் சங்குக் கடை வைத்திருந்த பிரபாவதி ஒருநாள் காலையில் கேஸ் கசிகிறது என்று போன் செய்தாள். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டைவிட ஒரு படி தாழ்வாகச் சமையல்கட்டு. வண்டியில் கூட வந்த ஜெரோம் சிலிண்டரை மூடி வெளியே தூக்கிக்கொண்டு போனான். பாய் ஜன்னலைத் திறந்துவிட்டுக் குனிந்தார். நிமிர்ந்து பிரபாவதியின் முகத்தைப் பார்த்தார். அவள் முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. அதில் என்ன படிக்க முடியும்?

"சுத்தம்மா. பயப்படாத" என்றார் பாய்.

"அப்பாடா. நல்லவேள, நீங்க வந்தீங்க" என்று அவள் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குக் கை நீட்டினாள்.

"கைய எடு!" ஜெரோம் வாசலிலிருந்து பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். "குப்புன்னு அடிக்குது, சுவிட்ச போடப் போற! தீப்பொறி பட்டா வூடே போயிடும்!" பிறகு பாயைப் பார்த்தான். பாய் தரையைப் பார்த்தார். தாழ்ந்த தரையில் கேஸ் தண்ணீர் மாதிரி தேங்கியிருந்தது. அவர் கால் மேலேயே.

பின்கதவையும் திறந்து, எல்லாம் அடங்கும்வரை இருந்தார்கள். கிளம்பும்போது பிரபாவதி ஆளுக்கொரு டீ கொடுத்தாள். பாய்க்கு மட்டும் கூடவே ரெண்டு பிஸ்கட். அவர் அதைத் தொடவில்லை.

வண்டிக்குப் பின்னால் நின்று ஜெரோம் கேட்டான். "எப்பலேந்து பாய்?"

"மெத்த குடோன்லேந்து."

"அடப்பாவி மன்ஷா." ஜெரோம் கடை வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டான். "சரி வுடு. நான் வாய தொறக்க மாட்டேன். இனிமே உன் பக்கத்துலயே நின்னுகினு இருக்கேன். நான் கண்ண காட்டறேன், நீ சொல்லு."

பாய்க்கு ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஜன்னலோரம் இன்னும் கொஞ்ச நாள். அப்புறம் அந்தப் பொம்பளையின் விரலும் சுவிட்சும் கண் முன்னால் வந்தன.

"உனக்கு சளி புட்சிச்சின்னா?"

"புட்சா இன்னா?"

"ரெண்டு பேருக்கும் மூக்கு இல்ல. போடா."

நிலையத்துக்கு வந்ததும் நேராக அதிகாரி பாலசுப்ரமணியன் முன்னால் போய் நின்று சொல்லிவிட்டார்.

"ஏன் பாய், மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொன்னா வண்டிலேந்து எறக்கிடுவீங்க சார்."

"இப்பவும் எறக்கத்தானே போறேன்?"

"அதான் சார் வந்தேன்."

போன் எடுக்கிற அறையில் நாற்காலி போட்டார்கள். அழைப்பு வந்தால் முகவரி கேட்டு எழுதி, மணியை அடிக்க வேண்டும். முதல் மணியை அடித்ததும் பாயின் கால் தானாக வாசல்வரை ஓடிவிட்டது. அப்புறம்தான் நினைவு வந்து நின்றது.

மெஷினை அலமாரியிலிருந்து இறக்கி, பழுது பார்த்து, பெட்டியோடு வண்டியில் ஏற்றியிருந்தார்கள். ஜெரோம் அதை இடது ஜன்னலோரம் வைத்து, விழாமல் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தான். வண்டி புறப்பட்டபோது அது பாய் மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு போயிற்று.

வண்டி விட்டுப்போன புகை ஷெட் முழுக்க நின்றது. பாய் அதற்கு நடுவில் நின்று ஒருதரம் ஆழமாக இழுத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய் போன் பக்கத்தில் உட்கார்ந்தார்.