மூடிய தொட்டிக்குள் விட்ட காற்று

தங்கதுரைக்கு இளகிய மனசு. அதுதான் அவரைக் கெடுத்தது.

வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறை. அங்கே கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் அவர் பதினாறு வருஷமாக ஆபரேட்டர். சாயத் தண்ணீரைத் தின்று தெளியவைக்கிற நுண்ணுயிர்கள் இரண்டு தொட்டிகளில் இருந்தன. திறந்த தொட்டிக்கு மோட்டார் ஓயாமல் காற்று ஊதும். மூடிய தொட்டிக்குக் காற்றே கிடையாது. உயிர் என்றால் மூச்சு வேண்டாமா என்று அவருக்கு உறுத்தல். போன சித்திரையில் ஒருநாள், யாரையும் கேட்காமல், அதற்குள் ஒரு குழாயைச் செருகி ஷிப்ட் முடியும்வரை காற்று விட்டார். புண்ணியம் செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

நான்கே நாளில் மூடிய தொட்டி நாறிப்போனது. உயிர்கள் செத்துவிட்டன. அடுத்த ஷிப்ட் பார்த்த மாரிச்செல்வம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். அவன்தான் நுண்ணுயிரைக் கொல்லும் பிளீச்சிங் தண்ணீரைத் தவறி அதற்குள் திறந்துவிட்டிருப்பான் என்றார் முதலாளி. தங்கதுரையிடம் கேட்டபோது, இருக்கும் என்று தலையாட்டினார். காற்று கொல்லும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. வேலை போன மாரிச்செல்வம் அன்றே பெட்டியைக் கட்டினான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

ஆவணியில் வேலைக்கு வந்த கெமிஸ்ட் கிருத்திகா, சாணிக் கரைசல் ஊற்றி அந்தத் தொட்டிக்கு மறுபடி உயிர் கொடுத்தாள். இதற்கு மட்டும் ஏன் காற்று விடுவதில்லை என்று தங்கதுரை கேட்கப்போக, அவள் பூமி பிறந்த காலத்துக்கே போய்விட்டாள். ஆதியில் எரிமலைகள் கக்கிய நீராவியும் கரியமில வாயுவும் நைட்ரஜனும்தான் காற்று. நீராவி குளிர்ந்து மழையாகிக் கடலானது. பிராணவாயு இல்லை, அது இல்லாமலே உயிர்கள் கோடிக்கணக்கான வருஷம் சுகமாக இருந்தன. பிறகு கடலில் தோன்றிய பச்சை நுண்ணுயிர்கள் வெயிலில் இரை தயாரித்து, பிராணவாயுவைக் கழிவாக வெளியே விட்டன. முதலில் கடலில் கரைந்திருந்த இரும்பு அதைப் பிடித்துத் துருவானது. இரும்பு தீர்ந்ததும் அது காற்றில் கலந்தது.

"பழைய உசுருக்கு அது வெசமுங்கண்ணா. தப்பிச்சது சேத்துலயும் மாட்டு வயித்துலயும் போயி ஒளிஞ்சுக்கிச்சுங்க. அதுகதான் இதுக்குள்ள இருக்குதுங்க."

தான் விட்ட காற்றுதான் கொன்றது என்று தங்கதுரைக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. முதலாளியிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மாரிச்செல்வத்துக்குப் போன் போட்டார். அவன் இப்போது ஊரில் உப்பளக் கூலி. இவர் வாயைத் திறக்கும் முன்பே அவன் மன்னிப்புக் கேட்டான்.

"எனக்கு ஞாபகம் இல்லண்ணே. ஆனா நாந்தான் எதையோ தொறந்து விட்டிருப்பேன்."

"இல்ல கண்ணு. நாந்தான் கொன்னேன்," என்று அவர் குழாய் செருகியதிலிருந்து தலையாட்டியதுவரை சொன்னார்.



"இத எம் பொண்டாட்டிகிட்ட ஒரு தடவ சொல்லுதியளாண்ணே? அவளும் நாந்தான்னு நம்பிட்டா," என்று மாரிச்செல்வம் போனை அவளிடம் கொடுத்தான்.