மதிலடியில் நான்கு ஓட்டைகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டுக்கு வரைபடம் போடுகிற ஆர்க்கிடெக்டுக்கு அது ஆகாதுதான். ஆனால் காரைக்கால் தெருக்களே கைகலப்புக்கு அழைக்கின்றன. பழைய சாலையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுவார்கள். வீடுகள் பள்ளமாகும். புதிதாகக் கட்டுகிறவர் மண்ணடித்து மனையை உயர்த்துவார், தண்ணீர் பக்கத்து வீட்டில் நிற்கும். இதற்குப் பெயர் வளர்ச்சி.

தருமபுரத்தில் நான் கட்டிய வீட்டின் சொந்தக்காரர் பாரிஸில் இருந்தார். பேச்செல்லாம் வீடியோ அழைப்பில். பக்கத்தில் மீன் வியாபாரி ஒருவரின் தாழ்ந்த ஓட்டு வீடு. அந்த வீட்டு மழைத்தண்ணீர் இந்த மனை வழியாகத்தான் வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மதில் எழும்பியபோது, இனி தண்ணீர் எப்படிப் போகும் என்று அவர் வந்து கேட்டார். வரைபடத்தை விரித்து, மதிலடியில் நான்கு ஓட்டைகளையும் அங்கிருந்து வாய்க்காலுக்குப் போகும் குழாயையும் காட்டினேன். நிம்மதியாகப் போனார்.

அடுத்த வாரம் பாரிஸ்காரர், ஓட்டை வழியே பாம்பு வரும், அடைத்துவிடுங்கள் என்றார். வாதாட எனக்கு அலுப்பு. கொத்தனாரை விட்டு அடைத்தேன். பக்கத்து வீட்டில் சொல்லவில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை மீன் வியாபாரி கடப்பாரையால் மதிலை இடித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ஆபரேஷன் முடிந்து வந்திருந்த மனைவியைக் கட்டிலோடு செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தார். அதையெல்லாம் பார்த்த பிறகும் நான் அவர் சட்டையைப் பிடித்தேன். கொத்தனார் மண்வெட்டிக் காம்பால் அவர் முதுகில் அடித்தார். அவர் திரும்பி வீசிய கடப்பாரை என் இடது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வலது கையில் அகப்பட்ட செங்கல்லை எறிந்தேன். அவர் நெற்றி பிளந்தது. எனக்கு அது திருப்தியாகவும் இருந்தது.

அவர் ரத்தத்தைத் துடைக்கவில்லை.

"நீங்க காட்டுன படத்துல ஓட்டை இருந்துச்சே சார். அத நம்பித்தான வீட்டுக்குப் போனேன்."

போலீஸ் வந்தது. பாரிஸிலிருந்து, கேஸ் கொடுங்கள் என்று போனில் கத்தல். போனை அணைத்தேன். மதிலை இடிக்கச் சொன்னது நான்தான், வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது என்று போலீஸிடம் சொன்னேன். தன் நெற்றியைப் பற்றி மீன் வியாபாரியும் வாய் திறக்கவில்லை.

அடைத்த இடங்களை உடைக்கச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். அந்த வீட்டுத் தண்ணீர் வடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.