காலியாக இருந்த முதல் கட்டம்

என் மகள் எறிந்த தண்ணீர் பாட்டில் இன்னொரு பிள்ளையின் நெற்றியைக் கிழித்தது. இரண்டு தையல். என் மகளுக்கு எட்டு வயசு, மூன்றாம் வகுப்பு. அதற்கு முன்னால் ஒருத்தியைக் கடித்திருக்கிறாள். இன்னொருத்தியின் நோட்டைக் கிழித்திருக்கிறாள். அதனால் அந்த முறை பள்ளிக்கூடத்தில் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

ஹெச்.எம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே சொன்னார். "இந்த வருஷம் முடியற வரைக்கும் பொறுத்துக்கறோம். இன்னொரு தடவை யாருக்காவது அடிபட்டா அன்னைக்கே டி.சி. நீங்க அவளை கவுன்சலிங் கூட்டிட்டுப் போங்க. போனதுக்கு லெட்டர் கொண்டு வாங்க."

"என் பொண்ணுக்குப் பைத்தியம்னு லெட்டர் வேணுமா?" என்று கத்தினேன்.

வராந்தாவில் போன ஆயா நின்று பார்த்தார். மகள் என் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் கத்தினால் அவள் அப்படித்தான் நிற்பாள். அதை நான் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கவனித்தேன். அடக்கமாக நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பள்ளியில் இடம் வாங்க ஒரு வருஷம் அலைந்திருக்கிறேன். அடித்ததற்காக அனுப்பினோம் என்று பேச்சு வந்துவிட்டால் பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரைக்கும் எவன் சேர்த்துக்கொள்வான்? டி.சி. வாங்கக் கூடாது. அது ஒன்றுதான் என் மண்டையில் இருந்தது.

தெருவில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா தாயத்து கட்டச் சொன்னாள். ஷூ யூனிட்டில் என்கூட வேலை செய்கிறவள் அவளுடைய பாஸ்டரிடம் கூட்டிப் போய் தலையில் கைவைத்து ஜெபம் பண்ண வைத்தாள். என் வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். "நாலு சாத்து சாத்துனா சரியாப் பூடும்" என்றார். நாலு சாத்து ஏற்கெனவே நான் சாத்தியிருந்தேன். சரியாகவில்லை.

கடைசியில் லெட்டருக்காகக் கவுன்சலிங் கூட்டிப் போனேன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு அறக்கட்டளை நடத்துகிற மையம். மாடியில் ஒரு அறை. பாய், களிமண், பொம்மைகள், ஒரு தொட்டியில் மணல். கவுன்சிலர் என்னைவிடப் பத்து வயசாவது சின்னவள். முதல் சனிக்கிழமை முக்கால் மணி நேரம் என் மகளோடு தரையில் உட்கார்ந்து களிமண்ணில் தோசை சுட்டாள். ஒரு புத்திமதி கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பம்மலில் எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ, அப்புறம் ரயில், அப்புறம் மாடிப்படி. இவ்வளவும் தோசை சுடவா?

"மேடம், மருந்து இருந்தா குடுங்க. இல்லன்னா லெட்டர் மட்டும் குடுங்க, போய்க்கினே இருக்கேன்."

"லெட்டர் தர்றேன் அக்கா. அதை வச்சு அவ அடிக்கறது நிக்காதே" என்றாள்.

பிறகு ஒரு தாள் கொடுத்தாள். மூன்று கட்டம். முதல் கட்டத்தில் அதற்கு முன்னால் என்ன நடந்தது, நடுவில் பிள்ளை என்ன செய்தாள், மூன்றாவதில் அதற்கப்புறம் என்ன நடந்தது. ஒவ்வொரு தடவையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள்.

நான் ஷூ அப்பர் தைக்கிற யூனிட்டில் செக்கிங் பார்க்கிறேன். அப்பர் என்பது ஷூவின் மேல்பாகம். தையல் விட்டிருந்தால், தோலில் கீறல் இருந்தால், அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். பதினொரு வருஷமாக இதே வேலை. குறை என் கண்ணுக்குத் தப்பாது. அதனால் இரண்டு வாரத்தில் தாளை நிரப்பிவிட்டேன். தட்டை எறிந்தாள். கதவை உதைத்தாள். தம்ளரை நசுக்கினாள். முப்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் நடுக்கட்டத்தில்.

கவுன்சிலர் படித்துப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றாள். சொன்னேன்.

"ஒரே தப்பு பத்து பீஸ்ல வந்தா என்ன பண்ணுவீங்க?"

"மிஷினைப் போய்ப் பார்ப்போம். ஊசி மழுங்கியிருக்கும்."

 அவள் தாளின் முதல் கட்டத்தில் விரலை வைத்தாள். அது மேலிருந்து கீழ் வரைக்கும் காலியாக இருந்தது. என்னைவிடச் சின்னவளிடம் மாட்டிக்கொண்டோமே என்று எரிச்சலாக இருந்தது. புதுத் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் முதல் கட்டத்தையும் எழுதினேன். எழுத எழுத ஒரே சங்கதிதான் வந்தது. 'நான் கத்தினேன்.' 'சாப்பிடு என்று நாலு முறை கத்தினேன்.' 'வேலையிலிருந்து வந்ததும் பையைப் பார்த்துக் கத்தினேன்.' யூனிட்டில் நாற்பது மிஷின் ஓடுகிறது. பக்கத்தில் நிற்கிறவளிடம் பேசுவதென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். அந்தக் குரலை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறேன். இது சாக்கு என்று எனக்கே தெரியும். மிஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமையும் கத்தியிருக்கிறேன்.

ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "இன்னாமே, உன் மேல நீயே கம்ப்ளெயின்ட் எழுதிக்கினு கீற?"

"நீ கத்துனதும் இதுல கீது. படி."

அவர் படிக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் வேறு தாளை எடுத்து, கிழித்ததையெல்லாம் மறுபடி எழுதினேன்.

கவுன்சிலர் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரு வேலையைச் சொல்லிக் கொடுத்தாள். அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கக் கூடாது. மகள் பக்கத்தில் போகணும். அவள் உயரத்துக்கு உட்காரணும். ஒரே தடவை, மெதுவாகச் சொல்லணும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணணும். அந்தப் பத்து எண்ணுவது இருக்கிறதே, அதைவிட நின்றபடியே பத்து மணி நேரம் செக்கிங் பார்ப்பது சுலபம். ஆனால் செய்தேன். ஒரு மாதத்தில் வீட்டில் தட்டு பறப்பது பாதியாகக் குறைந்தது.

பள்ளிக்கூடத்தில் குறையவில்லை. டைரியில் கிளாஸ் மிஸ் எழுதி அனுப்பியபடியே இருந்தார். 'காரணம் இல்லாமல் தள்ளினாள்.' 'காரணம் இல்லாமல் கிள்ளினாள்.' நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. அதையெல்லாம் பார்த்துத் தாளில் ஏற்றினேன். முதல் கட்டத்தில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் அந்தத் தாளை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இங்க ஏன் ஒண்ணும் எழுதல?"

"ஸ்கூல்ல நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"சொல்லு."

"சொல்ல மாட்டேன். சொன்னா நீ ஸ்கூலுக்கு வந்து கத்துவ."

நான் பத்து எண்ணினேன். பத்து முடிந்து மறுபடியும் பத்து எண்ணினேன். பிறகு, "கத்த மாட்டேன்" என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பவில்லை. ஆனாலும் சொன்னாள்.

ஜூன் மாதம் அவளுக்கு ஒரு பென்சில் பவுச் தைத்துக் கொடுத்திருந்தேன். யூனிட்டில் மிஞ்சுகிற தோல் துண்டு, நல்ல பழுப்பு நிறம், உள்ளே துணி வைத்துத் தைத்தது. கடையில் வாங்கினால் அந்தத் தையல் வராது. அதை வகுப்புப் பிள்ளைகள் வாங்கி முகர்ந்து பார்த்திருக்கிறார்கள். மூக்கைப் பிடித்திருக்கிறார்கள். செத்த மாடு என்றிருக்கிறார்கள். ஒருநாள் தோல் வாடையடிக்கிற வேலை ஏப்ரனைக் கழற்றாமல் நான் அவளைக் கூப்பிடப் போனேன். அதற்கப்புறம் அவள் உட்கார வந்தாலே பெஞ்சில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டிலை எறிந்த அன்றைக்கு அந்தப் பவுச் குப்பைத்தொட்டியில் கிடந்திருக்கிறது.

"ஏண்டி இத்தனை நாளாச் சொல்லல?"

"நீ வந்து சண்டை போட்டா இன்னும் சிரிப்பாங்க."

அவள் சொல்லச் சொல்ல முதல் கட்டத்தில் எழுதினேன். பேனா காகிதத்தில் ஓட்டை போட்டது. அந்த நிமிஷமே போய் ஹெச்.எம். வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் போல் இருந்தது. இந்தப் பசங்கள் போடுகிற கறுப்பு ஷூ என்னத்தில் செய்தது? அதை எவள் உட்கார்ந்து செக் பண்ணினாள்? ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கவுன்சிலரிடம் தாளைக் காட்டினேன். அவள் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நானும் உங்ககூட வரட்டுமா?" என்றாள்.

"வேணாம். எப்படிப் பேசணும்னு மட்டும் சொல்லிக் குடும்மா."

மகள் மணலில் விளையாட, நாங்கள் பக்கத்து அறையில் ஒத்திகை பார்த்தோம். கவுன்சிலர்தான் ஹெச்.எம்., நான் நான்தான். "பசங்க விளையாட்டுக்குச் சொல்றதும்மா" என்றாள். கத்தினேன். மறுபடி முதலிலிருந்து. "உங்க பொண்ணுதானே அடிச்சா?" கத்தினேன். நாலு தடவை கத்தினேன். கீழே இருந்து வாட்ச்மேன் ஏறி வந்து, "இன்னா மேடம், எதுனா பிரச்சனையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஐந்தாவது தடவை கத்தாமல் பேசி முடித்தேன். புடவை முதுகில் ஒட்டும் அளவுக்கு வேர்த்திருந்தது.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுப் போனேன். ஹெச்.எம். இருந்தார். கிளாஸ் மிஸ்ஸையும் கூப்பிடச் சொன்னேன். எல்லாத் தாளையும் மேஜையில் வைத்தேன். நான் கத்தினதாக எழுதியதும் அதில் இருந்தது.

"பாட்டில் எறிஞ்சது தப்பு. அந்தப் பொண்ணு வீட்டுக்கே கூட்டிக்கினு போய் மன்னிப்பு கேக்க வைக்கிறேன். இதுல நான் பண்ணது கீது, என் வீட்டுக்காரர் பண்ணது கீது. உங்க கிளாஸ்ல நடந்தது மட்டும் இத்தனை நாளா ஒண்ணுகூட இல்ல. இப்பத்தான் என் பொண்ணு சொல்லி எழுதியிருக்கேன். படிங்க."

ஹெச்.எம். படித்தார். "பசங்க விளையாட்டுக்குச் சொல்றதும்மா இதெல்லாம்" என்றார். ஒத்திகையில் கேட்ட அதே வார்த்தை. எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதனால் கத்தவில்லை.

"விளையாட்டுன்னா ரெண்டு பேரும் சிரிக்கணும் மேடம்."

அப்போது கிளாஸ் மிஸ் சொன்னார், மேஜையைப் பார்த்துக்கொண்டே. "அந்த பவுச்சை குப்பைத்தொட்டியிலேர்ந்து நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

 மிஸ்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. எடுத்துக் கொடுத்திருக்கிறார். எடுத்துக் கொடுத்துவிட்டு, டைரியில் காரணம் இல்லாமல் என்று எழுதியிருக்கிறார். குரல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பத்து எண்ணவில்லை, ஏழு வரைக்கும்தான் முடிந்தது.

"அதை எழுதுங்க மிஸ்."

"என்ன?"

"இப்ப சொன்னீங்களே, அதை. முதல் கட்டத்துல. உங்க கையால."

ஹெச்.எம். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மிஸ் பேனாவை எடுத்துவிட்டார். ஒரு வரி எழுதினார். எழுதிவிட்டு, "நாற்பத்திரெண்டு பசங்க. எல்லாத்தையும் பாக்க முடியலம்மா" என்றார். பொய் இல்லை. ஆனால் அதற்காக நான் இறங்கி வரவில்லை. இனிமேல் டைரியில் காரணம் இல்லாமல் என்று எழுதக் கூடாது. மூன்று கட்டமும் எழுதி அனுப்பணும். மூக்கைப் பிடிக்கிற பிள்ளைகளிடம் யார் பேசப் போகிறார்கள், என்றைக்கு, அதை இப்போதே சொல்லணும். சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்தேன். மணி அடித்து அடுத்த பீரியடும் தொடங்கிவிட்டது. கடைசியில் ஹெச்.எம். புதன்கிழமை தானே வகுப்புக்கு வந்து பேசுவதாகச் சொன்னார். "டி.சி. பத்தி இப்ப பேச வேண்டாம்" என்றார்.

"இப்ப வேண்டாம்னா எப்ப?"

"எப்பவும் வேண்டாம். போதுமா? இனிமே என்ன நடந்தாலும் முதல்ல உங்களைக் கூப்பிட்டுப் பேசறோம்."

"போதும்" என்று எழுந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் வீட்டுக்குள் வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. "கத்தினியா?"

"இல்ல."

"நிஜமா?"

"உங்க மிஸ்ஸையே கேளு."

மறுநாள் கேட்டிருக்கிறாள். என் பிள்ளை அப்படித்தான். வந்து, "நீ கத்தலையாம்" என்றாள், நான் ஏதோ பரீட்சையில் பாஸானது மாதிரி. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு முதல் பீரியடில் யார் அழுதார்கள், எதற்கு அழுதார்கள் என்று அவளாகவே ஆரம்பித்தாள். அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.