மூன்று எழுத்து மிஞ்சிய காசு

புருசெத் மெட்ரோ நிலையம், ஞாயிறு மதியம். போனில் பேசி முடித்து நிமிர்கிறேன். பூட்ஸெல்லாம் சேறாக, கையில் மெட்டல் டிடெக்டருடன் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு காசை நீட்டுகிறார்.

"நீங்கள் இந்தியாவோ? கதைக்கிறதிலை தெரியுது. இது உங்கட நாட்டுக் காசுதானே?"

பெயர் யோகன். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பஸ் ஓட்டுகிறார். எல்லிங்ஸ்ருட் பக்கம் ஒரு வயலில், நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தேடியபோது கிடைத்ததாம். தேய்ந்துபோன வெள்ளிக்காசு. ஒரு பக்கம் பாதி அழிந்த ராஜா தலை. மறுபக்கம் கிரீடத்தின் மேல் ஒரு சிங்கம். ஆண்டு அழிந்துவிட்டது. சிங்கத்தைச் சுற்றி IND என்ற மூன்று எழுத்து மட்டும் தெளிவாக இருக்கிறது.

"1650க்கு முந்தினதெண்டால் அரசாங்கத்துக்குக் குடுக்கோணும், அதுதான் இஞ்சத்தைச் சட்டம். மகள் தனக்கு வேணுமெண்டு நிக்கிறாள்."

பள்ளி நாளிலிருந்து நாணயம் சேர்ப்பவன் நான். சிங்கத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இது எங்க காசு இல்லீங்க, பிரிட்டிஷ் ஷில்லிங். இந்தியாவுக்கும் நான்தான் சக்கரவர்த்தின்னு அவங்க ராஜா போட்டுக்கிட்ட பட்டம்தான் இந்த IND. இந்தியாவைப் பிடிச்சப்புறம் வந்தது. நூறு, நூத்திருபத்தஞ்சு வருஷத்துக்குள்ளதான் இருக்கும். மகளுக்கே குடுங்க."

ரயில் வருகிறது. காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுகிறார்.

"அப்ப, ஒருக்காலெண்டாலும் இந்தியாவாலை எங்களுக்கு ஒரு நன்மை கிடைச்சிருக்கு."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.