விசாவுக்கு ஜெபித்த ஞாயிறுகள்

எங்கள் சபைக்குக் கோபுரமும் கிடையாது, மணியும் கிடையாது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தையல் கடை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. டெய்லர் அண்ணன் மிஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரிப்பார். ஷட்டரைப் பாதிக்கு மேல் தூக்க மாட்டார். முழுசாகத் திறந்தால் யாராவது பேண்ட் சுருக்க வந்துவிடுவார்கள். முழுசாக மூடினால் உள்ளே என்னமோ நடக்கிறது என்று தெருவே கூடிவிடும். அதனால் பாதி. யாராக இருந்தாலும் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். "கர்த்தருக்கு முன்னாடி குனியாதவன்கூட என் கடையில குனிவான்" என்று அண்ணன் சிரிப்பார்.

பாட்டுக்கு மேளம் கிடையாது. மாடியில் கடை ஓனர் மத்தியானம் தூங்குவார் என்பதால் கைதட்டுவதுகூடப் பூப்போலத்தான். பாய் முழுக்க நூல் பிசிறு கிடக்கும், எழுந்து போகும்போது எல்லோர் துணியிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

மொத்தம் மூணரைக் குடும்பம். டெய்லர் அண்ணனும் அவர் மனைவியும் ஒன்று. பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் முந்திரி வியாபாரியும் அவர் மனைவியும் ஒன்று. நானும் என் வீட்டுக்காரரும் ஒன்று. அந்த அரை, சிதம்பரத்து அக்கா. அவருடைய வீட்டுக்காரர் பல வருஷமாக மஸ்கட்டில், மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். "அக்கா, உங்களுது அரைக் குடும்பம்தான்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அக்காவும் சேர்ந்து சிரிப்பார்.

நான் பிறந்தது காட்டுமன்னார்கோயில் பக்கம், நெல் விளைகிற வீட்டில். கிறிஸ்தவப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டேன். வீட்டில் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். அவர் குடும்பம் போகிற பெரிய கோயிலுக்கு முதலில் போய்ப் பார்த்தோம். அங்கே ஆராதனை முடிந்ததும் பெண்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, எந்த ஊர், யார் வீட்டுப் பொண்ணு, எந்தத் தெரு என்று கேட்டார்கள். எதற்காகத் தெருவைக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? நாலாவது வாரம் ஒருத்தியிடம் சூடாகவே கேட்டுவிட்டேன். அதோடு அந்தக் கோயில் சரி. தையல் கடையில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார்கள். அக்கா, அண்ணன், அண்ணி என்று கூப்பிட எனக்கு ஊரில் மிச்சமிருந்தது அந்த மூணரைக் குடும்பம்தான்.

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். கை சுத்தமான வேலைக்காரர், ஆனால் கால் ஒரு இடத்தில் நிற்காது. நெய்வேலியில் ஒரு கடை, சிதம்பரத்தில் ஒரு கடை, பாண்டியில் கொஞ்ச நாள், பிறகு கடலூர். எந்த வாடகை வீட்டிலும் சுவரில் ஆணி அடிக்க மாட்டார். "எப்படியும் காலி பண்ணத்தான போறோம்" என்பார். எங்கள் வீட்டுக் காலண்டர் எப்போதும் தரையில்தான் சாய்ந்து நிற்கும், தேதி பார்க்கக் குந்த வேண்டும். நானும் அப்படியொன்றும் நிதானமானவள் இல்லை. ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை எனக்கு. உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன். எங்கள் இரண்டு பேரையும் ஒரு வீட்டில் வைத்தது கடவுளின் விளையாட்டுத்தான்.

ஒருநாள் அக்காவின் வீட்டுக்காரர் ஃபோனில் என் வீட்டுக்காரரிடம், "எங்க கம்பெனியில ஏசிக்கு ஆள் எடுக்கறாங்க, சொல்லட்டுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மஸ்கட் தவிர வேறு பேச்சு இல்லை.

எங்கள் கூட்டத்தில் பாட்டும் பைபிள் வசனமும் முடிந்ததும் ஜெபக் குறிப்பு கேட்பார்கள். யாருக்கு எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அவரவர் சொல்ல வேண்டும். பிறகு வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை மூடி வாய்விட்டு ஜெபிப்பார்கள். ஒருவர் முடித்ததும் மற்ற எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். வாய்விட்டு ஜெபிக்க வராதவர்கள் பக்கத்தில் இருப்பவரின் முழங்காலைத் தொட்டால் போதும். நான் வரவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்று அதற்கு அர்த்தம். நான் எப்போதும் தொட்டுவிடுவேன். அவர்கள் ஜெபிக்கிற தமிழே வேறு. உம்மைத் துதிக்கிறோம், தயை செய்யும், கிருபை பாராட்டும் என்று அருவி மாதிரி கொட்டுவார்கள். எனக்கு அந்தத் தமிழ் வராது.

"விசாவுக்கு ஜெபிச்சுக்குங்க" என்று என் வீட்டுக்காரர் குறிப்புக் கொடுத்தார். அடுத்த வாரமும் கொடுத்தார். அதற்கடுத்த வாரம் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "தெரியும் தம்பி, விசாதான" என்றார் டெய்லர் அண்ணன். முந்திரி வியாபாரி ஜெபித்தார். அவர் மனைவி ஜெபித்தார். எல்லோரையும்விட உருக்கமாக ஜெபித்தது அக்காதான். "தகப்பனே, இந்தச் சகோதரனுக்கு முன்பாக வாசலைத் திறந்தருளும்" என்று அவர் குரல் நடுங்கும்.

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். வாய் ஆமென் என்றது, மனசு பூட்டு பூட்டு என்றது. இரண்டில் எது மேலே போய்ச் சேருகிறது என்று தெரியாமல் ஒவ்வொரு வாரமும் தவித்தேன். இவர்கள் என் ஆட்கள். இந்த உலகத்தில் எனக்கென்று இருக்கிற ஆட்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து என் புருஷனை வெளியே அனுப்பச் சொல்லி மன்றாடுகிறார்கள், அதுவும் அன்போடு. யார்மேல் கோபப்படுவது? பாத்திரங்கள்மேல்தான் காட்டினேன்.

வீட்டில் சண்டை போடாமல் இல்லை. அங்கே வெயில் ஜாஸ்தி என்றேன். ஏசி மெக்கானிக்குக்கு வெயில்தானே சோறு என்றார். சாப்பாடு ஒத்துக்காது என்றேன். கடலூர் மெஸ் மட்டும் ஒத்துக்கிச்சா என்றார். நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். சொல்ல வேண்டியதை மட்டும் நான் சொல்லவில்லை. பெற்றவர்களை விட்டுவிட்டு இந்த மனுஷனோடு பஸ் ஏறிய அன்றே, இவனிடம் எதற்கும் கெஞ்சக் கூடாது என்று ஒரு வீம்பு எனக்குள் ஏறிவிட்டது. கெஞ்சினால் என் அப்பா ஜெயித்த மாதிரி.

விசா வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஃபோனில் மெசேஜ். அந்த நேரம் அக்காவின் வீட்டுக்காரரும் லீவில் வந்திருந்தார், அடுத்த வியாழக்கிழமை திரும்பப் போகிறார். அதனால் அந்த ஞாயிறு தையல் கடை வேண்டாம், சிதம்பரத்தில் அக்கா வீட்டில், விசா கிடைத்ததற்கு நன்றியாக, ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கலாம் என்று முடிவாயிற்று.

பைக்கில் போனோம். என் வீட்டுக்காரர் வழி நெடுகப் பாடிக்கொண்டே வந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, சர்க்கரை கம்மியாகக் கேட்டேனே என்று டீக்கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன். பாவம், அந்த ஆள் வேறு டீ போட்டுக் கொடுத்தார். அதையும் நான் குடிக்கவில்லை.

அக்கா வீடு அண்ணாமலை நகர் போகிற ரோட்டில் இருக்கிறது. மஸ்கட் சம்பாத்தியத்தில் கட்டிய மாடி வீடு, பளபளவென்று டைல்ஸ். ஹாலில் இரண்டு பெரிய பெட்டிகள் கயிறு போட்டுக் கட்டித் தயாராக நின்றன. அக்காவின் வீட்டுக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்றார். காற்று வரட்டும் என்று சுவிட்ச் போர்டுக்குப் போனார். ஒன்றைத் தட்டினார், லைட் எரிந்தது. இன்னொன்றைத் தட்டினார், வாசல் லைட். மூன்றாவதும் ஃபேன் இல்லை. "கடைசி சுவிட்சு" என்று அக்கா உள்ளேயிருந்து, எட்டிக்கூடப் பார்க்காமல், குரல் கொடுத்தார். அவர் சொந்த வீட்டு ஃபேனைப் போடத் தெரியாமல் விருந்தாளி மாதிரி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாடினோம். இங்கே ஓனர் தொல்லை இல்லை என்பதால் எல்லோரும் சத்தமாகவே பாடினார்கள். பிறகு வட்டம். டெய்லர் அண்ணன் விசாவுக்காக ஸ்தோத்திரம் சொன்னார். முந்திரி வியாபாரியும் சொன்னார். அக்கா தன் வீட்டுக்காரரின் பிரயாணத்துக்காக ஜெபித்தார், வழக்கத்தைவிடச் சுருக்கமாக. அக்காவுக்கு அடுத்து நான். என் வீட்டுக்காரரின் முழங்கால் பக்கத்திலேயே இருந்தது. தொட்டால் முடிந்தது. கை போகவில்லை.

"சாமி" என்று ஆரம்பித்தேன். அவர்கள் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். எனக்கு அதுதான் வந்தது. "எனக்கு ஒழுங்கா ஜெபம் பண்ணத் தெரியாது, வீட்டுல பேசுற மாதிரிதான் சொல்றேன். இத்தன வாரமா எல்லாரும் இவருக்கு விசா கேட்டாங்க. நானும் ஆமென் சொன்னேன். அது பொய்யி. எனக்கு இவரு போவக் கூடாது. எனக்குன்னு வேற யாரும் கெடையாது. என்மேல எரிஞ்சி வுழுந்தாலும் பரவால்ல, எதிர்ல இருந்து எரிஞ்சி வுழட்டும். குடுத்தத நீயே திருப்பி எடுத்துக்கோ. அவ்ளோதான்."

எப்படி முடிப்பது என்று மறந்துபோயிற்று. நிறுத்திவிட்டேன்.

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? இத்தனை வாரம் கேட்டு வாங்கியதை வேண்டாம் என்று சொல்லும் ஜெபத்துக்கு யார் ஆமென் போடுவது? டெய்லர் அண்ணன் தொண்டையைச் செருமினார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"ஆமென்" என்றது ஒரு குரல். முணுமுணுப்பு இல்லை, பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அக்கா.

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அக்கா கண்ணை மூடியபடியே இருந்தார், மூக்கு நுனி சிவந்திருந்தது. எதிரே அவருடைய வீட்டுக்காரர் கண்ணை அகலத் திறந்து தன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். டெய்லர் அண்ணன் அவசர அவசரமாக ஜெபத்தை முடித்தார்.

சுண்டலும் டீயும் இருந்தன. என் வீட்டுக்காரர் பைக்கைப் பார்ப்பது போல வெளியே போய்விட்டார். யார் முகத்தையும் பார்க்கத் தெம்பில்லாமல் நான், அக்கா டீ போட்டுக்கொண்டிருந்த சமையலறைக்குள் புகுந்துகொண்டேன். பின்னாலேயே அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். நான் இருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"நீ எதுக்கு அதுக்குப் போயி ஆமென் சொன்ன? நாந்தான சொல்லி வாங்கிக் குடுத்தேன் அவனுக்கு?"

அக்கா டீயை டம்ளரில் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "நீங்க ஒவ்வொரு தடவ பொட்டி கட்டும்போதும் எனக்கு அது வாய் வரைக்கும் வந்துது. வீடு முடியட்டும்னு முழுங்கினேன். பொண்ணு கல்யாணம் ஆவட்டும்னு முழுங்கினேன். இன்னிக்கு இந்தப் பொண்ணு சொல்லிடுச்சி. ஆமென்கூட நான் சொல்லக் கூடாதா?"

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு ஹாலுக்குப் போகாமல், அங்கேயே கேஸ் சிலிண்டர் பக்கத்தில் நின்று டீயைக் குடித்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர் பாடவில்லை. வெள்ளாற்றுப் பாலம் தாண்டினோம். வெயில் சாய்ந்திருந்தது. ஆள் இல்லாத ஒரு இடத்தில் பைக்கை ஓரமாக நிறுத்தினார்.

"எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்ட."

"ஆமா."

"வீட்டுல என்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா நீ பதில் சொல்லுவ. பேசியே ஜெயிச்சிடுவ. ஜெபத்துல யாரும் குறுக்க பேச மாட்டாங்க."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க்மேல் வைத்தார். "கடவுள்கிட்ட கேட்ட. அக்காவுக்குக் கேட்டுது, மாமாவுக்குக் கேட்டுது, பண்ருட்டிக்காரருக்குக் கேட்டுது. போறவன் நான்தான? என்கிட்ட ஒரு தடவகூடக் கேக்கலியே நீ."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "கேக்காட்டி உனக்குத் தெரியாதா?"

"தெரியல" என்றார். "நீ எப்பப் பாத்தாலும் கடுகடுன்னு இருந்த. நான் போனா உனக்கு நிம்மதின்னு நெனச்சேன்."

ஒரு மணல் லாரி எங்களைத் தூசியில் முழுக்காட்டிவிட்டுப் போனது. எத்தனையோ சொல்ல வாய் துடித்தது, என் வழக்கப்படி நாலு கேள்வியும் தயாராக இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன். அவர் சட்டை முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"போவாதய்யா" என்றேன். "என்ன வுட்டுட்டுப் போவாத."

அவர் ஃபோனை எடுத்து அக்காவின் வீட்டுக்காரருக்கு அடித்தார்.

"மாமா, நான் வரல" என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ தெரியாது. "இல்ல மாமா, சண்டைல்லாம் ஒன்னும் இல்ல. அவ கேட்டா."