வாஞ்சூர் பங்க்கில் நாற்பது நிமிஷம்

திருச்சி ஏர்போர்ட் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிங்கப்பூர் ஃபிளைட் போயாச்சு. நான் அதில் இல்லை.

லீவுக்கு வந்தபோது இங்கேதான் வாடகைக் கார் எடுத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது டேங்க் ஃபுல்லாக இருக்கணும் என்பது கண்டிஷன்.

காலையில் கிளம்பும்போது அப்பா சொன்னார். "எல்லை தாண்டுறதுக்குள்ள பெட்ரோல் போட்டுடு. நாகூர் போயிட்டா விலை கூட."

காரைக்கால்காரனுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்; எங்கள் ஊர் புதுச்சேரியோடு சேர்ந்தது, பெட்ரோலுக்கு வரி குறைவு. எல்லையோரத்து வாஞ்சூர் பங்க்கில் எனக்கு முன்னால் முழுக்க நாகப்பட்டினம் வண்டிகள். நாற்பது நிமிஷம் நின்று வழிய வழியப் போட்டேன்.

ஏர்போர்ட்டுக்குள் ஓடினால், கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "செக்-இன் மூடி அரை மணி நேரம் ஆச்சு சார்."

வெளியே காரைத் திரும்ப வாங்க வந்த ஆள் சாவியைப் போட்டு மீட்டரைப் பார்த்தார். "டேங்க் ஃபுல்லா இல்லையே சார்."

திருச்சி வரைக்கும் ஓட்டினால் பெட்ரோல் குறையும் என்பது அந்த நாற்பது நிமிஷத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. திருச்சி விலைக்கே மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

நாளைக்கு சிங்கப்பூரில் என் மகளுக்கு ஸ்கூலில் முதல் நாள். அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போவேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மனைவிக்கு ஃபோன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். "அவகிட்ட நீங்களே சொல்லிக்கங்க" என்று ஃபோனைக் கொடுத்துவிட்டாள்.

"அப்பா, ஃபிளைட்ல ஏறிட்டீங்களா?"

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். காரைக்கால்காரங்க யாராவது சொல்லுங்க, அவளிடம் என்ன சொல்லட்டும்?